கல்லச்சின் கதை: ஷாப்ரோல் தெருவில் பிக்காசோ

சென்ற வாரம் பவேரியச் சுண்ணாம்புக் கல்லில் ஸெனஃபெல்டர் கல்லச்சைக் கண்டுபிடித்ததைப் பார்த்தோம். நூறாண்டு கழித்து அது பாரிஸ் சுவர்களை ஆண்டது. துலூஸ் லோத்ரெக்கின் போஸ்டர்கள் அந்தக் காலத்தவை. 1901இல் அவர் மறைந்தார். அதன்பின் ஓவியர்கள் கல்லை விட்டு மெல்ல விலகினார்கள். லேபிளும் விளம்பரமும் அடிக்கும் தொழிலாக அது சுருங்கியது. ஓவியர் தாளில் வரைவார், குரோமிஸ்ட் என்ற கைவினைஞர் அதைப் பார்த்து நிறம் நிறமாகக் கல்லில் நகலெடுப்பார். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலும் நடந்தது இதுதான். படம் ஓவியருடையது, கல்லில் பட்ட கை வேறொருவருடையது.

இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியவர் பெர்னாந் மூர்லோ. 1895இல் பாரிஸில் அச்சுத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர். ஷாப்ரோல் தெரு 18ஆம் எண்ணில் இருந்த பழைய கல்லச்சு (லித்தோ) அச்சகத்தை 1914இல் தந்தை ஜூல் மூர்லோ வாங்கினார். தந்தைக்குப் பின் பெர்னாந்தும் சகோதரர்களும் அதை நடத்தினார்கள். அருங்காட்சியகங்களுக்குப் போஸ்டர் அடிப்பதில் பெயர் கிடைத்தது. 1937இல் தேரியாட் தொடங்கிய 'வெர்வ்' கலை இதழ் வழியாக மத்தீஸ் முதலிய ஓவியர்களோடு பழக்கம் நெருங்கியது. அப்போதுதான் மூர்லோ அவர்களை அழைத்தார்: படத்தைக் கொடுத்து அனுப்ப வேண்டாம், நீங்களே வந்து கல்லில் வரையுங்கள்.

கேட்க எளிதாக இருக்கும். கல்லச்சில் வரைவது பாதி வேலைதான். கொழுப்புச் சேர்ந்த கிரேயானாலோ மையாலோ கல்லில் வரைய வேண்டும். பிறகு பிசினும் அமிலமும் கலந்து பூசிப் படத்தைக் கல்லில் நிலைநிறுத்துவார்கள். கல்லை ஈரமாக்கி மை உருளையை ஓட்டினால், கொழுப்பு பட்ட இடம் மையை வாங்கும், ஈரமான இடம் மையைத் தள்ளும். அமிலம் கொஞ்சம் கூடினால் மெல்லிய சாயல்கள் அழிந்து போகும். குறைந்தால் எல்லாம் கறுத்துவிடும். ஓவியர் வரைந்ததில் எது தாளுக்கு வந்து சேரும் என்பது அச்சுக்காரரின் கையில் இருக்கிறது. அந்தக் கை ஷாப்ரோல் தெருவில் இருந்தது.

1945 நவம்பர் 2 அன்று பிக்காசோ அங்கே வந்தார். முன்பே சில லித்தோக்கள் செய்தவர்தான், ஆனால் அதில் தோய்ந்தவரல்ல. மூர்லோ அவருக்கு ஒரு மூலையை ஒதுக்கினார். காலையில் வந்தால் இரவு வரை, மாதக்கணக்கில் வேலை நடந்தது. எதைச் செய்யக் கூடாது என்று கேட்டுக்கொண்டு அதையே செய்தார் பிக்காசோ. கல்லைச் சுரண்டினார், அச்சடித்த படத்தின் மீதே மறுபடி வரைந்தார். அப்படித் திருத்தினால் கல் கெட்டுவிடும் என்பது தொழிலில் உள்ளோரின் கணக்கு. அவர் கல்லோ தாங்கியது.

அதற்குச் சாட்சி 'காளை'. 1945 டிசம்பர் 5 தொடங்கி 1946 ஜனவரி 17 வரை ஒரே கல்லில் 11 நிலைகள். கொழுத்த, உயிருள்ள காளையாகத் தொடங்கியது. ஒவ்வொரு நிலையிலும் சதை குறைந்து, கடைசியில் சில கோடுகள் மட்டும் மிஞ்சின. தொடங்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் முடித்திருக்கிறாரே என்று அச்சகத்தின் செலஸ்தேன் வியந்தாராம். ஒவ்வொரு நிலையையும் அச்செடுத்துக் கொடுத்தவர்கள் இருந்ததால்தான் அந்த 11 படிகளும் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

அந்த அச்சகத்தின் பெரியவர் துத்தேன். கைத்திறனில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிக்காசோவின் படங்களோ அவருக்குத் துளியும் பிடிக்காது. ஒருமுறை கறுப்பு லித்தோ மையின் மீது வெள்ளைக் குவாஷ் வண்ணத்தால் புறா ஒன்றைத் தீட்டி அனுப்பினார் பிக்காசோ. இதை அச்சடிக்கவே முடியாது என்றார் மூர்லோ. துத்தேனிடம் கொடுங்கள், அவருக்குத் தெரியும் என்றார் பிக்காசோ. ஒரு படி உங்கள் மனைவிக்குக் கையெழுத்திட்டுத் தருகிறேன் என்று ஆசை காட்டியபோது, அது மட்டும் வேண்டாம் என்று துத்தேன் முகம் சுளித்ததை அப்போது பிக்காசோவின் துணைவியாக இருந்த பிரான்சுவாஸ் ஜிலோ தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வேண்டாவெறுப்பாகவே வேலை நடந்தது, படமும் அச்சாகி வந்தது. 1949 ஜனவரியில் கல்லுக்குப் பதில் துத்தநாகத் தகட்டில் வரைந்த இன்னொரு புறா, அவ்வாண்டு ஏப்ரலில் பாரிஸ் அமைதி மாநாட்டின் போஸ்டராகி உலகம் சுற்றியது.

பிக்காசோ மட்டுமல்ல. அவருக்கு முன்பே துபுஃபே அங்கே கல்லில் வரைந்துவிட்டார். முதுமையில் நோயோடு இருந்த மத்தீஸ் மாற்றுத்தாளில் வரைந்து அனுப்ப, அச்சகத்தார் அதைக் கல்லுக்கு மாற்றினார்கள். பிராக், மீரோ, ஷகால் என்று வரிசை நீண்டது. ஷகாலுக்கு வாய்த்தவர் குரோமிஸ்ட் ஷார்ல் ஸோர்லியே. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு வேண்டிய வேலை அது. 1961இல் வெளிவந்த 'டாஃப்னிஸ் அண்ட் க்ளோயி' நூலின் 42 வண்ண லித்தோக்களுக்கு அவ்வளவு பொறுமை தேவைப்பட்டது.

மூர்லோ 1988இல் காலமானார். கல்லச்சுக்கு மறுவாழ்வு தந்தவர் பிக்காசோ என்று எழுதுவது வழக்கம். என் கணக்கில் அது பாதி உண்மைதான். படத்தின் கீழே ஓவியரின் கையெழுத்து இருக்கிறது. முகம் சுளித்துக்கொண்டே முடித்துக் காட்டிய துத்தேனின் கையெழுத்து எங்கும் இல்லை. அருங்காட்சியகத்தில் இனி ஒரு லித்தோவைப் பார்த்தால், ஓவியரின் பெயருக்குப் பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அடுத்த வாரம்: அச்சுக்காரர் கிடைக்காமல் பாரிஸ் வரை சென்ற ஜூன் வெய்ன், 1960இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய டாமரிண்ட் பட்டறை.