வாரிசுச் சொத்தாகும் பழந்துணிகள்: ஒரு வரலாற்று நோக்கு

வீட்டுப் பரணில் அரபுத் தமிழ் ஏடொன்று கிடைத்தால் அதை எடைக்குப் போடலாகாது என்னும் உணர்வு நம் மக்களிடையே இன்று ஓரளவு வேரூன்றிவிட்டது. பழந்துணிக்கு அந்த மதிப்பு இன்னும் வந்து சேரவில்லை. கிழிந்தால் கரித்துணி, கிழியாவிட்டால் யாரேனும் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடும் பொருள் என்பதே பொதுவான எண்ணம்.

மதுரையைச் சேர்ந்த அன்பர் ஒருவர் மார்க்க விளக்கம் வேண்டி அண்மையில் நம்மிடம் வந்தார். அவருடைய தந்தை ஜவுளி வணிகர். மதுரையிலும் பரமக்குடி, சின்னாளப்பட்டி ஆகிய நெசவூர்களிலும் நெடுங்காலம் கொள்முதல் செய்தவர். கண்ணுக்கு அரியதாகப் பட்ட பழைய துணிகளை விற்காமல் ஒரு மரப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த சுங்குடிச் சேலைகள், கட்டம் போட்ட பழவேற்காட்டுக் கைலிகள், பட்டும் பருத்தியும் கலந்து நெய்த துண்டுகள் என அவை பலவகை. தந்தை வஃபாத்தாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன; தாயார் இத்தாவில் இருந்தார். அதற்குள் பழம்பொருள் வணிகர் ஒருவர் வீடு தேடி வந்து, பெட்டி முழுவதற்கும் ஒரே தொகை பேசிச் சென்றிருந்தார். "ஹஜ்ரத், அத்தா ஆசையாகச் சேர்த்ததை விற்பது கூடுமா?" என்பது அன்பரின் வினா.

கூடும் என்பதே நம் விடை. பெற்றோர் சேர்த்ததை விற்காமல் பூட்டி வைப்பது எவர்மீதும் கடமையன்று. எனினும் விற்பதற்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். பெட்டி யாருக்கு உரியது என்பது முதலாவது. துணி வெளியேறும்போது அதனுடன் வெளியேறுவது என்ன என்பது இரண்டாவது.

முதற் கேள்விக்கு ஃபராயிள் கலை தெளிவான விடை தருகிறது. அடக்கச் செலவு, கடன், மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக எஞ்சுவதே வாரிசுகளுக்கு உரியது. இந்தக் குடும்பத்தில் மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் ஆகியோரே வாரிசுகள். சொத்தை நாற்பது கூறாக்கினால் மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலைக்கு 14, மகளுக்கு 7. நிலத்துக்கும் வீட்டுக்கும் இக்கணக்கைப் பார்ப்பவர்கள் துணிப்பெட்டிக்குப் பார்ப்பதில்லை. மூத்தவர் விற்றுவிட்டுச் சகோதரிக்கு ஒரு சேலையைக் கொடுப்பதோடு பங்கு முடிந்ததாகக் கருதப்படுகிறது. இது பங்கீடன்று, உரிமை மறுப்பு. மேலும், பெட்டியில் இருப்பவை யாவும் தந்தையின் சொத்தென்று கொள்ளவும் இயலாது. தாயார் தம் பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த சேலை அவருடையதே. அது பங்கீட்டுக்குள் வராது.

வாரிசு ஒருவர் தம் பங்குக்கு ஈடாகக் குறிப்பிட்ட பொருளொன்றைப் பெற்றுக்கொண்டு விலகவும் வழியுண்டு. ஃபிக்ஹு நூல்கள் இதனைத் தகாருஜ் என்னும். பெருவணிகராக விளங்கிய அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின், அவர்தம் மனைவியருள் ஒருவரான துமாளிர் தம் பங்குக்கு ஈடாக ஒரு தொகை பெற்றுச் சமாதானம் செய்துகொண்டதை அந்நூல்கள் முன்மாதிரியாகக் காட்டும். தந்தையின் நினைவாக ஒரு சேலையை மகள் வைத்துக்கொள்ள விரும்பினால், அனைவரின் இசைவோடும் அதற்கு இடமுண்டு.

வீடு தேடி வந்த வணிகரின் செயலையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தாரை, அவர்கள் சந்தையை அடையுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தை நிலவரம் அறியாதவர் ஏமாறக்கூடும் என்பதே இத்தடைக்கு அறிஞர்கள் கூறும் காரணம். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை பெறுவார் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள அறிவிப்பின் கருத்து. துக்க வீட்டில், பொருளின் மதிப்பறியாத வாரிசுகளிடம் மொத்த விலை பேசுவதும் இதற்கு வெகு தொலைவில் இல்லை.

இனி இரண்டாம் கேள்வி. மதுரைச் சுங்குடிக்கு நெடிய வரலாறு உண்டு. மேற்கிந்தியாவிலிருந்து இடம்பெயர்ந்த சௌராஷ்டிர நெசவாளர் நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியமர்ந்தனர். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்கள் அவர்தம் வாழிடமாயின. துணியை நகத்தால் கிள்ளி, நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சை அவிழ்த்ததும் சாயம் ஏறாத இடம் புள்ளியாகத் தெரியும். இரு புள்ளிகள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைச் சாயமான அலிசரின் பரவியதும் சாயவேரின் ஆட்சி முடிந்தது. பின்னர் மெழுகு அச்சும் திரை அச்சும் வந்து முடிச்சுத் தொழிலை ஒடுக்கின. 2005இல் மதுரைச் சுங்குடி புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் முடிச்சிட்ட பழஞ்சேலையை இன்று பெரும்பாலும் இத்தகைய பெட்டிகளில்தான் காண இயலும். அது எந்தத் தெருவில் முடிச்சிடப்பட்டது, யாருடைய நிகாஹுக்கு எடுக்கப்பட்டது என்னும் செய்தி துணியில் எழுதப்பட்டிருப்பதில்லை. வீட்டார் நினைவில்தான் இருக்கிறது.

அந்த நினைவு அறுந்தால் நேர்வது என்ன என்பதற்கு எகிப்து சான்று பகர்கிறது. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) நிறுவிய ஃபுஸ்தாத் நகரின் மேடுகளிலிருந்து இந்தியப் பருத்தித் துணித் துண்டுகள் ஏராளமாக வெளிப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை குஜராத்தில் அச்சிடப்பட்டவை. எகிப்தியல் அறிஞர் நியூபெரி கெய்ரோ வணிகர்களிடம் வாங்கிச் சேர்த்த 1,200க்கும் மேற்பட்ட துண்டுகள் 1946இல் ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தை அடைந்தன. துணிகள் பிழைத்தன, ஆனால் எந்த மேட்டில், எந்த அடுக்கில், எப்பொருளோடு கிடந்தன என்னும் செய்தி கடைவீதியிலேயே தொலைந்தது. அவற்றின் காலத்தை அறியப் பிற்காலத்தில் கரிமக் கணிப்பை நாட வேண்டியதாயிற்று.

செங்கடற்கரையிலுள்ள குஸைர் அல்கதீம் என்னும் பழந்துறைமுகத்தில் 1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தார் முறைப்படி அகழ்ந்தனர். அங்கும் இந்திய அச்சுத்துணிகள் கிடைத்தன. ஆனால் அவை கிடந்த அடுக்கு பதிவானமையால் காலமும் புலப்பட்டது. ஃபுஸ்தாத் துணிகளை ஒப்பிட்டறிய அவை துணையாயின. அவற்றைவிடப் பன்னூறு ஆண்டு மூத்த பானையோடுகளும் அங்கே கிடைத்தன. அவற்றில் தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்னும் இரு பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. உடைந்த ஓட்டுக்கு விலையேது? பெயர் இருந்தமையால் அது வரலாறாயிற்று.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். அப்பாஸியர், ஃபாத்திமியர் காலத்துத் திராஸ் துணிகளில் கலீஃபாவின் பெயர் நெய்யப்பட்டது. பலவற்றில் நெய்த கூடமும் ஹிஜ்ரி ஆண்டும் இடம்பெற்றன. யார், எங்கே, எப்போது என்பதைத் துணியே சொன்னது. மதுரைச் சேலைக்குத் திராஸ் இல்லை. அதை எழுத வேண்டியவர்கள் வாரிசுகளே.

ஆகவே நாம் அன்பரிடம் கூறியவை இவை. இத்தா முடியும்வரை விற்பனையைத் தள்ளி வையுங்கள். தாயாரின் முன் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துணியாக விரித்துக் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி எண்ணிடுங்கள், நிழற்படமும் எடுங்கள். துணி அறிந்த இருவரிடம் தனித்தனியே மதிப்புக் கேளுங்கள். கிழிசலையும் ஒட்டையும் வாங்குபவரிடம் மறையாதீர்கள். குறிப்பின் படி ஒன்றை வாங்குபவரிடமும் கொடுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. அத்தகைய துணிகளைத் தனியே பிரித்து வையுங்கள்.

சில மாதங்கள் கழித்து அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். பாதிக்கு மேற்பட்ட துணிகளுக்குத் தாயார் ஊரும் காலமும் சொல்லியிருந்தார். அவற்றுள் நான்கு சேலைகள் தம் தாய்வீட்டுச் சீர் என்றும் கூறியிருந்தார். அவை பங்கீட்டிலிருந்து விலக்கப்பட்டன. மகள் தகாருஜ் முறையில் ஒன்றை எடுத்துக்கொண்டார். எஞ்சியவை விற்கப்பட்டு, தொகை உரியவர்களுக்கு முறைப்படி பங்கிடப்பட்டது. முதலில் பேசிய தொகையைவிட அது கூடுதல் என்றார். நோட்டில் பல எண்களுக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. அவற்றைப் பற்றி அறிந்திருந்தவர் அத்தா ஒருவரே. அவர் இருந்தபோது கேட்கவில்லையே என்று அன்பர் வருந்தினார்.

அந்த வெற்று வரிகளைப் பின்னர் எவரும் நிரப்ப இயலாது. பெற்றோர் உயிரோடிருக்கும் இல்லங்களில் அவ்வரிகளை நிரப்ப இன்னும் காலமிருக்கிறது.