சிபடான்: ஆமை முட்டை ஜெயித்த வழக்கு

சிபடானில் ஸ்கூபா முக்குளிக்கக் கிளம்புகிறோம் என்றதும் அண்ணன் மகள் கேட்டாள்: "தீவிலேயே ரூம் போட்டுடலாமா சித்தப்பா?" முடியாதும்மா. ஏன் என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும்.

மலேசியாவின் சபா மாநிலத்துச் செம்பொர்னாவுக்குத் தெற்கே, சுமார் 600 மீட்டர் ஆழத்திலிருந்து சுவர் போல எழும் கடல்மலையின் உச்சிதான் இந்தச் சின்னஞ்சிறு தீவு. அங்கே கரையேறும் பச்சை ஆமைகளின் முட்டைக்கு ஒரு காலத்தில் நல்ல கிராக்கி. முட்டை எடுப்பதை முறைப்படுத்த, பிரிட்டிஷ் வட போர்னியோ நிர்வாகம் 1917-இல் சட்டம் போட்டது. 1933-இல் தீவு பறவைச் சரணாலயமானது. 1962-இல் கலங்கரை விளக்கம் வந்தது. பின்னாளில் இந்தோனேசியாவும் மலேசியாவும் தீவுக்கு உரிமை கோரி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் போனபோது, பிரிட்டனும் நெதர்லாந்தும் போட்ட 1891 எல்லை ஒப்பந்தத்தைக் காட்டி இந்தோனேசியா வாதாடியது, எடுபடவில்லை. முட்டை, பறவை, விளக்கு என்ற இந்தச் சில்லறை நிர்வாக வேலைகளே மலேசியாவைக் காப்பாற்றின. 2002 டிசம்பர் 17-இல் 16-க்கு 1 என்று தீர்ப்பு. குமாஸ்தாக்களைக் குறைவாக நினைக்கக் கூடாது!

அதற்குள் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் 1989 ஆவணப்படம் தீவை உலகறியச் செய்திருந்தது. 2000 ஈஸ்டர் ஞாயிறன்று பிலிப்பைன்ஸ் தீவிரவாதக் குழுவான அபு சயாஃபின் ஆட்கள் தீவிலிருந்து 21 பேரைக் கடத்திப் போனார்கள். பவளப்பாறையைக் காப்பாற்ற, 2004 முடிவில் விடுதிகள் எல்லாமே அகற்றப்பட்டன.

இன்று தங்குவதற்குச் செம்பொர்னா அல்லது பக்கத்து மாபுல் தீவு. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடும் உண்டு. ஆகவே பெர்மிட் கையில் உறுதியான பிறகே, செம்பொர்னாவுக்கு அருகிலுள்ள விமான நிலையமான தாவாவுக்கு டிக்கெட் எடுங்கள்.