செரோட்டோனினும் உடல் கடிகாரமும்

செரோட்டோனின் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள். மூளையில் இதைச் சுரப்பவை மூளைத்தண்டிலுள்ள ராஃபே நரம்பணுத் தொகுதிகள். உறக்கம், விழிப்பு, உடல் வெப்பம் ஆகியவற்றை ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் நடத்தும் உடல் கடிகாரத்தைத் திருத்தியமைப்பதில் இதற்குப் பங்குண்டு. தூத்துக்குடியின் முத்துச்சிப்பிக்கும் சங்குக்கும் உறவான மெல்லுடலிகளே இதற்கான தொடக்கச் சான்றுகளைத் தந்தன.

மெல்லுடலிகளில்

1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகியோர் மாட்டுக் குருதியிலிருந்து செரோட்டோனினைப் பிரித்தெடுத்தனர். அப்போது அது குருதிக்குழாயைச் சுருக்கும் பொருளாகவே அறியப்பட்டது. முத்துச்சிப்பியைப் போலவே நாரால் பாறையைப் பற்றி வாழும் ஒரு சிப்பியின் தசை, இறுகியபின் எதனால் தளர்கிறது என்று ஆராய்ந்த பெட்டி ட்வாரோக், அது செரோட்டோனின் என்று கண்டார். 1953இல் பேஜுடன் சேர்ந்து பாலூட்டிகளின் மூளையிலும் அது இருப்பதைக் காட்டினார்.

கடல் முயல் என்னும் மெல்லுடலியின் கண்ணைத் தனியே எடுத்து இருட்டில் வைத்தாலும் அதன் நரம்புத் துடிப்பு நாள்தோறும் ஏறி இறங்கும். செரோட்டோனின் சேர்த்தால் அந்தத் தாளம் நேரம் மாறுகிறது என்று 1978இல் எஸ்கின் குழுவினர் நிறுவினர். மன்னார் வளைகுடாவிலும் கடல் முயல் இனங்கள் உண்டு.

பாலூட்டிகளில்

பாலூட்டிகளின் தலைமைக் கடிகாரம், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலுள்ள சிறு நரம்பணுத் திரள் என்பது 1972இல் தெரிந்தது. ராஃபேயிலிருந்து நரம்பிழைகள் அங்கே செல்கின்றன. செரோட்டோனினைப் போலச் செயல்படும் மருந்தைப் பகல் வேளையில் கொடுத்தால் எலியின் கடிகாரம் முந்துகிறது. இரவிலோ, கண் வழியே வரும் ஒளியின் தாக்கத்தைச் செரோட்டோனின் தணிக்கிறது. மூளையிலுள்ள பீனியல் சுரப்பியில் இதுவே இரவில் மெலட்டோனின் என்னும் இயக்குநீராக மாறுகிறது.

இந்திய ஆய்வுகள்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகியோர், இருண்ட குகையில் அடைபட்ட வௌவாலின் கடிகாரம் கூட்டத்தின் போக்குவரத்தைக் கொண்டே நேரம் ஒத்துப்போவதை 1981இல் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது நடத்தையை; ஆனால் ஒளியல்லாத இத்தகைய குறிப்புகள் கடிகாரத்தை எட்டும் பாதைகளில் ஒன்று செரோட்டோனினுடையது என்று பின்னாளைய ஆய்வுகள் உணர்த்தின. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அனிதா ஜகோதா குழுவினர், முதுமையில் எலி மூளையின் செரோட்டோனின் தாளம் மாறுவதை 2008இல் பதிவுசெய்தனர்.

நடைமுறைப் பயன்

சிப்பிக் குஞ்சு பொரிப்பகங்களில் முட்டையிடத் தூண்டச் செரோட்டோனின் பயன்படுகிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் பல செரோட்டோனின் வழியே செயல்படுவதால், அவை உறக்க நேரத்தையும் மாற்றக்கூடும். துறைமுகத்தில் இரவுப் பணி செய்வோர் இவற்றை உட்கொள்ளும்போது, பணி நேரத்தையும் மருத்துவரிடம் சொல்வது நல்லது.