எடைத் தராசும் ஒப்புதல் படிவமும்: தமிழக முன்பருவக் கல்வி ஆய்வில் அறநெறி வந்த வழி

முன்பருவக் கல்வி ஆய்வைக் கற்பிக்கும்போது முறையியலை ஒரு பாடமாகவும் அறநெறியை இன்னொரு பாடமாகவும் பிரிப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டாவது பாடம் பெரும்பாலும் ஒப்புதல் படிவத்தை நிரப்பக் கற்பதோடு முடிந்துவிடுகிறது. தமிழகத்தில் சிறு குழந்தைகளை ஆராய்ந்த வரலாறு இந்தப் பிரிவினையை ஆதரிக்கவில்லை. அளக்கும் கருவி மாறியபோதெல்லாம், மறுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதும் கூடவே மாறியது. அதற்கான விதிகள் பின்னால்தான் வந்தன, அதுவும் மருத்துவத்துறை வழியாக.

1939இல் மரியா மாண்டிசோரி அடையாற்றில் ஆசிரியர் பயிற்சி தொடங்கினார். பிறகு போர் அவரை இந்தியாவிலேயே தங்கவைத்தது. கொடைக்கானலிலும் பணி தொடர்ந்தது. குறுக்கிடாமல் கவனிப்பதே அவர் கற்பித்த முறை. குழந்தை தன் வேலையில் ஆழ்ந்திருக்கையில் பெரியவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது கவனிப்பின் நுட்பம் மட்டுமன்று, மரியாதையும்கூட. ஆனால் அது பொறுமையான கண்ணும் நிறைய நேரமும் கேட்கிற முறை. அரசுத் திட்டங்களுக்கு வேகமாக எண்கள் வேண்டியிருந்தன. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கியது. 1980இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடைபார்த்து, எடை கூடாதவர்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். தராசு இங்கே சேவைக்கும் ஆய்வுக்கும் ஒரே வாசலாக நின்றது. குழந்தையைத் தராசில் ஏற்ற மறுக்கும் தாய், அந்த உணவையும் மறுத்தவளாகிறாள். அவள் தலையசைத்தது சம்மதமா, தேவையா என்று பிரித்தறிய வழியில்லை. திட்டம் தவறு என்பதல்ல என் வாதம். அது பல குழந்தைகளுக்குச் சோறு போட்டது. சேவையிலிருந்து திரட்டிய எண்களை ஆய்வுக்கு எடுக்கும்போது, சம்மதம் ஏற்கெனவே கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்பதே என் வாதம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் அறநெறி குறித்த கொள்கை அறிக்கையும் 2000இல் விரிவான நெறிமுறைகளும் வெளியிட்டது. 2017இல் நெறிமுறைகளைப் புதுப்பித்தது. அவற்றின்படி 7 முதல் 12 வயது வரை குழந்தையின் வாய்மொழி இசைவு வேண்டும், அதற்கு மேல் எழுத்துமூலம். ஏழுக்குக் கீழே இசைவைப் பதிவுசெய்யத் தேவையில்லை, பெற்றோர் ஒப்புதல் போதும். ஆக, முன்பருவக் குழந்தை முழுவதுமாக இசைவின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஊசிக்கும் மருந்துக்கும் இது பொருந்தலாம். விளையாட்டையும் பேச்சையும் அளக்கும் ஆய்வில், குழந்தையின் தயக்கமே தரவின் ஒரு பகுதி. பயந்துபோய் வாய்திறக்காத குழந்தைக்குச் சுழியம் போட்டால், அந்த எண் காட்டுவது அதன் மொழித்திறனை அல்ல, ஆய்வாளர்மீதான அச்சத்தை.

இதற்கு மாற்று வழி இங்கேயே உருவானது. 1970களின் தொடக்கத்தில் முன்பருவக் குழந்தை குறித்த தேசிய ஆய்வுக்குழுவுக்குத் தலைமை வகித்த மீனா சுவாமிநாதனின் முயற்சியோடு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழகத்துக்கென ஓர் அளவுகோலை வடிவமைத்தது. அது முதலில் குழந்தையை அல்ல, முன்பருவ மையத்தை மதிப்பிட்டது. இடம், பொருள், ஆசிரியரின் பேச்சு, குழந்தைக்குக் கிடைக்கும் செயல்பாடு எல்லாம் அதில் அடங்கும். பரிசோதனையின் சுமையைக் குழந்தையிடமிருந்து பெரியவர்கள்மேல் மாற்றியது என்ற வகையில் இதை அறநெறி முன்னேற்றமாகவே கருதுகிறேன், அப்படி யாரும் பெயரிடாவிட்டாலும்.

யாருக்கு என்ன கிடைக்கும் என்பதைக் குலுக்கல் முடிவுசெய்யும் சமவாய்ப்பு ஆய்வுகளோ, மறுக்கும் உரிமை பற்றிய கேள்வியை மீண்டும் திறந்தன. தமிழகத்தில் 320 அங்கன்வாடிகளில் நடந்த ஓர் ஆய்வு, பாதி மையங்களில் பகுதிநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தியது. அங்கே கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினர். 2021இல் முடிவுகள் வெளியாயின. மறுபாதிக்கு நன்மை மறுக்கப்பட்டதே என்பது எளிய எதிர்ப்பு. அதற்கு விடையுண்டு: கூடுதல் பணியாளர் எங்குமே இல்லாத நிலையில், யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் முடிவுசெய்வது நியாயமற்றதாகாது. கடினமான எதிர்ப்பு வேறு. குலுக்கல் மைய அளவில் நடந்தால், பெற்றோரால் தேர்விலிருந்து குழந்தையை விலக்க முடியும், குலுக்கலிலிருந்து விலக்க முடியாது. படிவம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்த இடைவெளி அடைபடாது.

அறநெறிக் குழுக்கள் பெரிதும் நம்பும் பெயர் மறைப்பும் சிற்றூரில் தளர்கிறது. கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். பீங்கான் தொழிற்பேட்டையும் அதற்கான அரசுப் பயிலகமும் உள்ள ஊர். இங்கே சூளைத் தொழிலாளர் குழந்தைகளின் வருகையையும் கற்றலையும் ஆராய்பவர், ‘ஒரு பீங்கான் நகரின் அங்கன்வாடி’ என்று எழுதினாலே ஊர் தெரிந்துவிடும். தெரு தெரிய இன்னும் இரண்டு வரி போதும். உலர்ந்த களிமண் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், குழந்தையின் இருமல் பற்றிய ஒரு குறிப்பு தந்தையின் வேலையிடம் பற்றிய சாட்சியாகவும் மாறலாம். இவ்வளவு கவனம் ஆய்வையே நிறுத்திவிடும் என்பார்கள். ஆய்வு நிற்காது, வரிசைதான் மாறும். எதை வெளியிடலாம் என்பதைத் தரவு திரட்டும் முன்பே தாய்மாரோடும் அங்கன்வாடிப் பணியாளரோடும் பேசி முடிக்க வேண்டும். முடிவுகளை அச்சுக்கு அனுப்புமுன் அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அழுது விலகும் குழந்தையை ‘விடுபட்டது’ என்று மட்டும் குறிக்காமல், ஏன் விலகியது என்பதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதற்கான நாட்களும் செலவும் ஆய்வுத் திட்டத்தின் வரவுசெலவில் முதலிலேயே இடம்பெற வேண்டியவை.