பலகாரத் தட்டில் இருந்ததும் இல்லாததும்

திருச்சியின் கிறிஸ்தவ வரலாற்றைத் தேடிப் படித்தால் ஆண்களும் கட்டடங்களும்தான் வரிசையாக வருவார்கள். ஏலாக்குறிச்சியில் தங்கி, யோசேப்பைக் காப்பியத் தலைவனாக்கி 1726-இல் தேம்பாவணியை எழுதிய வீரமாமுனிவர். 1762-இல் திருச்சிக்கு வந்து, 1766-இல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயத்தை எழுப்பிய சுவார்ட்ஸ். 1826 ஏப்ரலில் இங்கே குளிக்கச் சென்ற இடத்தில் மூழ்கி இறந்த பேராயர் ஹீபர். 1883-இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த தூய வளனார் கல்லூரி, அதன் அருகில் உயர்ந்த லூர்து மாதா கோபுரம். வழக்கமாகச் சொல்லப்படும் இந்த வரிசையில் பெண்கள் தலைகாட்டுவது, 1923-இல் கன்னியர் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரியில்தான்.

ஆனால் ஒரு பண்டிகை தலைமுறை தாண்டி எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டால், கோபுரங்களிடம் பதில் இல்லை. அரிசியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, வெல்லப்பாகை எந்தப் பதத்தில் இறக்குவது, முதல் தட்டு யார் வீட்டுக்குப் போக வேண்டும், யாருக்குத் தட்டே கிடையாது என்பதெல்லாம் பெண்கள் வாய்மொழியாகக் கைமாற்றிய அறிவு. எங்கள் குடும்பத்தில் அந்த வரலாறு ஓர் எவர்சில்வர் தட்டில் இருந்தது. அதை மூட, குரோஷா பின்னிய ஒரு வெள்ளைத் துணி.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குப் பொன்மலைப் பணிமனையில் வேலை. அம்மா பள்ளி ஆசிரியை. டிசம்பர் 20 வாக்கில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, வழியில் இன்னொரு பஸ் மாறி, வரகனேரியில் இருந்த அம்மாச்சி வீட்டுக்குப் போவோம். அம்மாவின் பையில் திருத்தாத அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் இருக்கும். பகலில் அதிரசம், முறுக்கு, அச்சுமுறுக்கு, சோமாசி. இரவில் விடைத்தாள்.

அம்மாச்சி ஒரு விதியை இறுகப் பிடித்திருந்தார். டிசம்பர் 24 அன்று செய்யும் பலகாரத்தை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. “மோந்து பாரு, உப்பு தெரியும்” என்பார். 1917-இல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒருசந்தி, சுத்தபோசனம். ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு, இறைச்சி கூடாது. வருடத்திலேயே அடுப்பு அதிகம் எரியும் நாளில், அடுப்புக்கு முன் நிற்பவர்கள் அரைப்பட்டினி. 1966-இல் ரோமில் அந்த விதி நீக்கப்பட்டது. அம்மாச்சியின் அடுப்படிக்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை.

மாமாக்கள் குடில் கட்டுவார்கள். பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் கிரேச்சோவில் தொடங்கிவைத்த வழக்கம் அது. வைக்கோல், களிமண், முளைவிட்ட கேழ்வரகு, சீரியல் பல்பு என்று அழகாகத்தான் இருக்கும். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன் நின்று பாராட்டுவார்கள். குடிலுக்குப் போட்டி உண்டு, பரிசு உண்டு. மூன்று நாள் எண்ணெய்ப் புகையில் நின்ற ஆறு பெண்களின் வேலைக்கு “இந்த வருஷம் அதிரசம் கொஞ்சம் கெட்டி” என்ற விமர்சனம் மட்டும் உண்டு.

பண்டிகை முடிந்ததும் தட்டு எங்களோடு ஸ்ரீரங்கத்துக்கு வரும். கிறிஸ்துமஸ் எப்போதும் மார்கழி பிறந்து பத்தாம் நாள் வாக்கில்தான். கோயிலில் பகல் பத்து, இராப் பத்து நடக்கும் பருவம் அது. 2020-இல் வைகுண்ட ஏகாதசியே டிசம்பர் 25-இல் வந்து, சொர்க்கவாசல் திறப்பும் கிறிஸ்துமஸும் ஒரே நாளில் நடந்தன. எங்கள் தெருவில் மார்கழிக் கோலத்துக்கு மேலே காகித நட்சத்திரம் தொங்கியது யாருக்கும் விநோதமாக இருந்ததில்லை.

தட்டு வாசல் தாண்டுவதில்தான் சிக்கல். அச்சுமுறுக்கு மாவில் முட்டை உண்டு. அதனால் அம்மா முட்டை சேர்க்காமல் தனியாக ஒரு தட்டு தயாரிப்பார். அப்படியும் பக்கத்து வீட்டு மாமி வாழைப்பழத்தையும் கற்கண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, “டீச்சர் கைப்பட செஞ்சது, கொழந்தைங்களே சாப்பிடட்டும்” என்று மீதியைத் திருப்பித் தருவார். தட்டை வெறுமையாக அனுப்பக் கூடாது என்று ஒரு கரண்டி சர்க்கரை போடுவார். பொங்கலுக்கு அவர் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் எங்களுக்கு வரும், நாங்கள் சாப்பிடுவோம். எங்கள் வீட்டு அடுப்பில் வெந்தது அங்கே போக முடியாது, அங்கே வெந்தது இங்கே வரலாம். அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அடுத்த வருடமும் முட்டையில்லாத தட்டைச் செய்தார்.

அம்மாவுக்கு ஸ்ரீரங்கத்து முன்வாசலில் நேர்ந்ததை எங்கள் குடும்பம் வரகனேரி வீட்டின் பின்வாசலில் இன்னொரு பெண்ணுக்குச் செய்தது. தெருக்கூட்ட வருபவர் அவர். எங்களுடன் அதே பூசைக்கு வருபவர், அதே நற்கருணை வாங்குபவர். அவருக்கு முறுக்கு செய்தித்தாளில் சுற்றிப் போகும். தட்டும் கிடையாது, குரோஷா துணியும் கிடையாது. ஒவ்வொரு படியிலும் மேலே இருப்பவரிடம் வாங்கிய இழிவை அடுத்த படிக்குக் கடத்துவதுதான் சாதி என்று அம்பேத்கர் விளக்கியதை நான் பின்னால்தான் படித்தேன். எங்கள் ஊரில் இது கல்லறைக்கும் தொடர்ந்தது. மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவருக்கு எதிராக 2010-இல் நடந்த போராட்டம் செய்தியானது. சுவரைக் கட்டியவர்கள் ஆண்களாக இருக்கலாம். அதன் சமையலறை வடிவத்தைத் தினமும் காத்து நின்றவர்கள் பெண்கள். பெண்கள் வரலாறு எழுதும்போது இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

தட்டுக்கு இன்னொரு பயணமும் உண்டு. அது சீர். தலைத் தீபாவளி போலவே எங்களுக்குத் தலைக் கிறிஸ்துமஸ். மணமான மகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புடவையும் பலகாரமும் வரும். பெற்றோருக்குப் பின் அண்ணன் தம்பிகள் அனுப்புவார்கள். இந்த ஊரில் தெய்வங்களுக்கும் அதே முறைதான். தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு வருவாள், அண்ணன் அரங்கநாதரிடமிருந்து அவளுக்குச் சீர் வரும். மனதைத் தொடும் சடங்கு அது. ஆனால் வீடுகளில் அதே உறவுமுறை வேறொரு வேலையும் செய்கிறது.

1865-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதன் பின்வந்த 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும் கிறிஸ்தவர்களுக்கான விதி தெளிவானது. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் வேறுபாடு இல்லை. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவ மகளுக்கு மகனுடைய பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதை மட்டும் தந்தது. மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போராடி 1986-இல் அதை முடிவுக்குக் கொண்டுவந்தார். திருச்சியில் அப்படிப்பட்ட சட்டமே இல்லை. இங்கே அந்த வேலையைத் தட்டு செய்தது.

தாத்தா உயில் எழுதவில்லை. 1987-இல் அம்மாவும் சித்தியும் பதிவு அலுவலகத்தில் பணம் எதுவும் பெறாமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் மிரட்டவில்லை. “வருஷா வருஷம் சீர் வருது, அது போதாதா?” என்றுதான் கேட்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. அம்மாச்சி இறந்த பிறகு இரண்டு கிறிஸ்துமஸ்களுக்குத் தட்டு வந்தது. மூன்றாவது வருடம் வரவில்லை. பங்கைக் கேட்க இனி வழியில்லை. சீரைக் கேட்டு வாங்க எந்த நீதிமன்றமும் இல்லை. அம்மா அன்று மாலை வரை வாசல் பக்கம் போய்ப் போய் வந்தார்.

எங்கள் தலைமுறையில் திருவானைக்காவலில் அப்பா கட்டிய வீடு இருந்தது. அம்மா காலமானபின் நான் தம்பியிடம் சீர் வேண்டாம், பங்கு வேண்டும் என்றேன். “பங்கு வாங்குனா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சிடும்டீ” என்றார் சித்தி. அவர் பட்டதிலிருந்து சொன்னார். தம்பிக்கும் முதலில் கசந்தது, ஏழெட்டு மாதம் பேச்சு குறைந்திருந்தது. பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. வாசல் அடைபடவில்லை. முன்பிருந்த இனிமை அப்படியே இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அவனும் நானும் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்கள் இல்லை.

கிறிஸ்துமஸை நான் விடவில்லை. அதிரசமும் அச்சுமுறுக்கும் எங்கள் வீட்டில் இன்றும் உண்டு. எண்ணெய்ச் சட்டிக்கு முன் தம்பியும் என் மகனும் நிற்கிறார்கள், பலகாரம் அளவு குறைந்திருக்கிறது, யாரும் பட்டினி இல்லை. தட்டுகளில் ஒன்று, தெருக்கூட்டிய அந்த அம்மாவின் மகள் வீட்டுக்குப் போகிறது. முதல்முறை நான் கொண்டுபோனபோது அவர் வாங்கிக்கொண்டு சொன்னார்: “எங்கம்மாவுக்கும் அச்சுமுறுக்கு நல்லா வரும். உங்க வீட்ல யாரும் கேட்டதில்ல.” கொடுப்பது சுலபம், அதில் கொடுப்பவருக்குப் பெருமையும் சேர்ந்துவிடும். அவர்கள் அடுப்பில் வெந்ததை வாங்கிச் சாப்பிடுவதில்தான் உறவு சமமாகிறது. இப்போது இரண்டு பக்கமும் தட்டு போய்வருகிறது.

அம்மாவிடமும் பாட்டியிடமும் பாகுப் பதம் கேட்டு எழுதிக்கொள்ளும் மாணவிகளைப் பார்க்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் வரலாறுதான். அதே நோட்டில் இன்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டு யார் வீட்டுக்குப் போகவில்லை? யார் வீட்டுத் தட்டு இங்கே வரவில்லை? எந்த வருடம், எந்தப் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்?