நந்தவனமும் தேயிலை மலையும்

ஆலயம் என்பது கருவறையும் கோபுரமும் மட்டுமன்று. திருக்குளமும் தலமரமும் நந்தவனமும் உடன் அமைந்ததே முழுமையான ஆலயம் எனப் பண்டைத் தமிழர் கொண்டனர். மலர்த்தோட்டத்திற்கென விடப்பட்ட நிலத்தைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘திருநந்தவனப்புறம்’ எனக் குறிக்கின்றன. அத்தோட்டத்தில் உழைத்தோர்க்கு நெல் அளந்த செய்தியையும் அவற்றில் காணலாம். வில்லிபுத்தூரில் நந்தவனம் வளர்த்து மாலை தொடுத்த பெரியாழ்வாரும், திருப்புகலூரில் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலரும் கொய்து தொண்டு புரிந்த முருக நாயனாரும் அன்பர்கள் நன்கறிந்தவர்களே. மாலைக்குக் கொய்தவை போக எஞ்சிய மலர்கள் வண்டினத்திற்கு உணவாயின. இறைவனுக்கென அமைந்த தோட்டம், கேட்பாரற்ற சிற்றுயிர்களுக்கும் அறச்சாலையாக விளங்கியது எனலாம்.

இம்மரபில் வந்த மக்கள், பூக் கொய்வதற்கன்றிக் கொழுந்து கொய்வதற்காகக் கேமரன் மலை ஏறினர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1885-ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டுநிலத்தைக் கண்டு அறிவித்தார். ஆயினும் நாற்பது ஆண்டுகள் அது பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்வையிட்ட பின்னரே மலைநகரம் அமைக்கும் முயற்சி வேகம் பெற்றது. தாப்பாவிலிருந்து சாலையும் வெட்டப்பட்டது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். காட்டை வெட்டிச் சரிவைப் பண்படுத்தி நாற்று நட்ட உழைப்பில் தமிழர்களின் பங்கு பெரிது. லயங்களின் அருகே அவர்கள் அமைத்த சிறு கோயில்களே பின்னாளில் விழாக் காணும் ஆலயங்களாக வளர்ந்தன.

அக்காடு வெறும் புதராக இருக்கவில்லை. செமாய் இனப் பூர்வகுடியினர் அதன் மரஞ்செடிகளை அறிந்து அதனோடு வாழ்ந்தவர்கள். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலைமுடியின் பாசிபடர்ந்த காட்டில், நீலகிரித் தமிழர் காட்டுப்பூவரசு என்றழைக்கும் மரத்தின் உறவினங்கள் பூக்கின்றன. சிவந்த குழல் போன்ற அவற்றின் மலர்களைத் தேன்சிட்டுகள் நாடும். காசித்தும்பையின் காட்டுறவான மஞ்சட்பூச் செடியும் அங்குண்டு. சாலையோரங்களில் ஊதாநிறப் பூப்பூக்கும் செடியை மலாய்க்காரர் செண்டுடோக் என்பர். அதன் மகரந்தம், தாளின் நுனியிலுள்ள சிறு துளைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்யும்போதுதான் அது வெளியே சிதறும். வண்டின் ரீங்காரம் இங்கு வெறும் இசையன்று, திறவுகோல்.

தேயிலைக்கும் பூ உண்டு. வெள்ளிதழும் பொன்னிறத் தாள்களும் கொண்ட அழகிய பூ அது. தன் மகரந்தத்தால் தானே விதை தருவது தேயிலையில் மிக அரிது. வேறொரு செடியின் மகரந்தத்தைத் தேனீயோ ஈயோ கொணர வேண்டும். அந்நாளில் தேயிலைத் தோட்டங்கள் விதையிலிருந்தே உருவாக்கப்பட்டன. ஆதலின் முன்னோர் நட்ட பழஞ்செடிகள், எங்கோ ஒரு விதைத்தோட்டத்தில் பெயரறியாப் பூச்சிகள் செய்த பணியின் பயனாகும். பிற்காலத்தில் தாய்ச்செடியின் தண்டை வெட்டி நடும் முறை பரவியதும் அத்தேவை குறைந்தது. இடைவிடாது கொழுந்து கிள்ளப்பட்டுச் சில ஆண்டுகளுக்கொருமுறை கவாத்தும் செய்யப்படும் செடிக்குப் பூப்பதற்கு வாய்ப்பேது? காண்பவர் கண்ணுக்குக் குளிர்ச்சியான அப்பச்சைப் பரப்பு, தேனீக்கு வெற்றுக்கலமே.

சிற்றுயிர்கள் செய்யும் வேலையின் மதிப்பைச் செம்பனைத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் நன்கறியும். ஆப்பிரிக்காவிலிருந்து செம்பனை இங்கு வந்தது. அதன் பூவில் மகரந்தம் சேர்க்கும் சிறு கூன்வண்டு உடன் வரவில்லை. ஆகவே பெண்பூக் குலைகளில் மகரந்தம் தூவும் வேலையைத் தொழிலாளர்களே கையால் செய்தனர். கேமரூன் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட அவ்வண்டு 1981-இல் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் வட்டாரத்தில் விடப்பட்டது. அது விரைவாகப் பரவ, அக்கைவேலை மறைந்தது. (கேமரூன் வேறு, கேமரன் வேறு, பெயரொற்றுமை தற்செயலானது.) பத்துமலைக் குகையில் தங்கும் தேனுண்ணும் வௌவால்கள் இரவில் நெடுந்தொலைவு பறந்து டுரியான் பூக்களுக்கும் அதே பணியைச் செய்வதை 1970-களில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். தைப்பூசத்தன்று அக்குன்றின் படியேறுவோருள் இதனை அறிந்தவர் எத்தனை பேரோ!

கேமரன் மலையில் தேயிலைக்குப் பின் காய்கறியும் வெட்டுமலரும் பெருகின. மலைச்சரிவுகளைப் பிளாஸ்டிக் கூரைகள் மூடின. வெட்டப்பட்ட நிலத்தின் மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிந்தது. 2013 அக்டோபரில் பெருமழையால் அணைநீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களும் உடைமைகளும் அழிந்த துயரத்தை எவரும் மறந்திலர். மரம் குறைந்ததன் விலை அது. பூச்சி குறைந்ததன் விலை இத்துணை ஓசையோடு வருவதில்லை. ஸ்ட்ராபெரிப் பழத்தின் மேலுள்ள புள்ளிகளில் மகரந்தம் சேராதவை இருக்குமிடத்தில் சதை வளராது, பழம் கோணலாகிவிடும். சந்தையில் அதனைக் கழித்து ஒதுக்குவோர் காரணத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

பூசைக்கு இன்று பெருமளவில் வாங்கப்படும் அடுக்கிதழ்ச் செவ்வந்தி சீனத்திலிருந்து வந்தது; துலுக்கச் செவ்வந்தி மெக்சிகோவிலிருந்து வந்தது. தேசிய மலராக 1960-இல் ஏற்கப்பட்ட செம்பருத்தியும் குடியேறியதே. வந்தேறிய மலரை இறைவன் வெறுப்பதில்லை. எனினும், அடுக்கடுக்காக இதழ் பெருக்கிய பூவில் மகரந்தமும் தேனும் குறைந்துவிடுகின்றன என்பதையும், மருந்து தெளித்த பூவில் வண்டு பிழைக்காது என்பதையும் கருத வேண்டும். ஆலய வளாகம் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் இடும் வழக்கமும் நல்லதன்று. காலில் சேறு படாது என்பது உண்மையே. ஆனால் மண்ணில் வளை தோண்டி வாழும் தனித் தேனீக்களுக்கு அங்கே வாசல் அடைபடுகிறது.

தானா ராத்தா, பிரிஞ்சாங் போன்ற நகர்களில் கோயிலைச் சுற்றியுள்ள சிறு நிலமும் நந்தவனமாகலாம். முருகனுக்குரிய வெட்சியின் உறவினங்கள் மலேசியக் காடுகளில் இயல்பாக வளர்வன; அதன் நீண்ட குழற்பூவில் வண்ணத்துப்பூச்சி தேன் அருந்த வல்லது. செண்பகமும் இந்நாட்டுக்கு உரிய மரமே. வேலியோரத்தில் செண்டுடோக்கைக் களையென்று பிடுங்காது விட்டால் போதும், கருவண்டு தானே வரும். அது கூடமைக்கப் பட்டுப்போன மரத்துண்டு ஒன்றும் அருகிற் கிடக்கட்டும். செண்பக விதை விரைவில் முளைப்புத்திறனை இழப்பதால், பழம் வெடித்தவுடன் சதை நீக்கி விதைத்துவிட வேண்டும். விதைக்கன்று பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்றாயின் விரைவில் பூக்கும்.