ரிட்டையர் ஆன ஏர்போர்ட் தீயணைப்பு வண்டி: டேங்குல மிச்சம் இருக்கிற வரலாறு

இன்னைக்கு ஒரு விசித்திரமான ஷாப்பிங் பத்திப் பேசலாம். ஏர்போர்ட்ல ஓடி ரிட்டையர் ஆன தீயணைப்பு வண்டியை தருமபுரி மாவட்டத்துல யாராவது வாங்கினா என்ன ஆகும்?

ஆசை வர நியாயம் இருக்கு. சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவுல, தேசிய நெடுஞ்சாலை 44ல இருக்கு தொப்பூர் கணவாய். 2024 ஜனவரியில அங்க லாரிகளும் கார்களும் மோதி தீப்பிடிச்சதுல 4 பேர் இறந்தாங்க. டீசல் எரியும்போது வெறும் தண்ணி அடிச்சா, டீசல் அது மேல மிதந்து இன்னும் பரவும். நுரை வேணும். ஏர்போர்ட் வண்டி அதுக்காகவே பிறந்தது. ஓடுபாதையோட எந்த மூலைக்கும் 3 நிமிஷத்துக்குள்ள போய் நுரை அடிக்கணும்னு சர்வதேச விதி சொல்லுது.

சரி, அந்த நுரை எங்கிருந்து வந்துச்சு?

ஆரம்பத்துல மாட்டுக் குளம்பு, கொம்புல இருந்து எடுத்த புரதத்துலதான் நுரை செஞ்சாங்க. 1960கள்ல அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடமும் 3எம் கம்பெனியும் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. பேரு ஏ.எஃப்.எஃப்.எஃப். எரிபொருள் மேல மெல்லிசா ஒரு படலம் விரிச்சு தீயை மூச்சடைக்க வைக்கும். 1967 ஜூலை 29, ஃபாரஸ்டல்ங்கிற விமானந்தாங்கிக் கப்பல்ல தீப்பிடிச்சு 134 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் இந்த நுரைக்கு மவுசு கூடுச்சு. கப்பல்ல இருந்து உலகத்து ஏர்போர்ட்டுகளுக்கும் பரவுச்சு.

அதோட பலம்தான் அதோட வில்லங்கமும். அதுல இருக்கிற பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனங்கள்ல ஃப்ளோரினும் கார்பனும் ரொம்ப இறுக்கமா பிணைஞ்சிருக்கும். மண்ணுல விழுந்தா லேசுல சிதையாது, நிலத்தடி நீருக்கு இறங்கிடும். ஸ்வீடன்ல ரோன்னெபிங்கிற ஊர்ல இதுதான் நடந்துச்சு. பக்கத்து விமானப்படைத் தளத்துல பயிற்சிக்கு அடிச்ச நுரை குடிதண்ணியில கலந்திருந்தது 2013 டிசம்பர்ல தெரிய வந்து, அந்த நீர்நிலையத்தையே மூடினாங்க. ரத்தத்துல இந்த ரசாயனம் கூடியிருக்கிறதே உடல் பாதிப்புதான்னு 2023 டிசம்பர்ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. இதுல முக்கியமான பி.எஃப்.ஓ.எஸ்.ஸை ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் 2009லயே கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேர்த்துடுச்சு.

இப்போ தருமபுரிக்கு வருவோம். இந்த மாவட்டத்துக்கு கெட்ட தண்ணின்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பாறையில இருந்து கரையிற ஃப்ளோரைடு கிணத்துலயும் போர்வெல்லயும் கலந்து, பல்லுல கறை, எலும்புல பாதிப்புன்னு தலைமுறைகளா அனுபவிச்ச ஊர். அதுல இருந்து தப்பிக்கத்தான் ஜப்பான் கடனுதவியோட 1,900 கோடிக்கு மேல செலவு பண்ணி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தாங்க. 2013ல அது திறந்துச்சு. ஃப்ளோரைடு வேற, பி.எஃப்.ஏ.எஸ். வேற, குழப்பிக்காதீங்க. ஒண்ணு இயற்கையா பாறையில இருக்கிறது, இன்னொண்ணு மனுஷன் செஞ்சது. ஆனா ரெண்டும் சேர்ற இடம் ஒண்ணுதான்: நிலத்தடி நீர். குடிக்க காவிரித் தண்ணி வந்தாலும், வயலுக்கும் மாட்டுக்கும் கிணறு இன்னும் வேணுமே.

பழைய வண்டியோட நுரை டேங்கை ஒரு தடவை கழுவினா போதாதான்னு கேப்பீங்க. போதாது. குழாய்ச் சுவர்லயும் பம்புலயும் ஒட்டிக்கிட்டு, புது நுரை ஊத்தினாலும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணின பிறகும் உள்ள கிடக்கிற ஃபைல் மாதிரி. இதுல கழுவின தண்ணியை பக்கத்து ஓடையில திறந்துவிட்டா, ரோன்னெபி கதையை நாமளே இங்க ஆரம்பிச்சு வெச்ச மாதிரி.

அதனால விலை, எஞ்சின், டயர் எல்லாம் பார்க்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி. இந்த வண்டி இதுவரைக்கும் என்ன நுரை அடிச்சிருக்கு? டேங்கு கழுவின தண்ணியை லேப்ல சோதிச்சாங்களா? அந்தத் தண்ணி எங்க போச்சு? மூணுக்கும் எழுத்துல பதில் இருந்தா மட்டும் பேரத்துக்கு உட்காருங்க. ஃப்ளோரின் இல்லாத நுரையும் இப்போ கிடைக்குது. தொப்பூருக்கு நுரை வண்டி வேணும்னா அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.